ரெண்டு பழைய மாத்திரைய ஒண்ணா ஒட்டுனா பேட்டன்ட்டா?

வணக்கம் மக்களே, கோரிப்பாளையத்துல பெரியாஸ்பத்திரி பக்கத்துல அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வண்டி மேல உக்காந்துதான் பேசிட்டு இருக்கேன், ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. அப்பா முன்னாடி டெல்மிசார்ட்டான் ஒண்ணு, அம்லோடிபின் ஒண்ணுன்னு தனித்தனியா முழுங்குவாரு, இப்ப டாக்டர் ரெண்டும் சேந்ததா எழுதிட்டாரு. காலைல கேக்குறாரு, "ஏன்டா, நான் பத்து வருசமா வயித்துக்குள்ள சேத்ததத்தான அவய்ங்க ஃபேக்டரில சேத்திருக்காய்ங்க, இதுக்கு பேட்டன்ட் வேறயா?"

கேள்வி சரிதான், புதுசா ஒண்ண கண்டுபிடிச்சவய்ங்களுக்கு குடுக்குற தனி உரிமைதான பேட்டன்ட். ஆனா அந்த பேட்டன்ட்ட எதிர்க்க அப்பாவோட பழைய மருந்து சீட்டை மட்டும் நீட்டுனா கேஸு நிக்காது. கம்பெனி மொதமொதல்ல அப்ளிகேஷன் போட்ட தேதிக்கு முன்னாடியே அச்சுல வந்த கட்டுரை மாதிரி ஆதாரம் வேணும். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. "ரெண்டு மருந்தையும் சேத்துக் குடுத்தோம், பிரஷர் நல்லா கொறஞ்சுச்சு"ன்னு கட்டுரை இருக்குன்னு வைங்க, அதுல ஒரே மாத்திரையாங்கிற பேச்சே இல்லைன்னா "இது புதுசு இல்ல"ன்னு அடிக்க முடியாது, ஏன்னா அதுக்கு மொத்த விசயமும் ஒரே கட்டுரைக்குள்ள இருக்கணும். ஆனா "இதப் படிச்ச எந்த பார்மசிக்காரனுக்கும் அடுத்து இதான தோணும்"னு அடிக்கலாம், அங்கதான் பழைய கட்டுரைக்கு பலமே. போதாததுக்கு நம்ம பேட்டன்ட் சட்டத்துல செக்‌ஷன் 3-ல 'இ'ன்னு ஒண்ணு, சும்மா கலந்து வச்சு அதது குணம் மட்டும் கூடி நின்னா அது கண்டுபிடிப்பே இல்லைங்குது. தனித்தனியா குடுத்தத விட சேத்தா கூடுதலா என்ன நடக்குதுன்னு டேட்டா காட்டணும்.

2006-ல இதான் நடந்துச்சு. எச்ஐவிக்கு சிடோவுடினும் லாமிவுடினும் சேந்த காம்பிவிர், ரெண்டுமே பழைய மருந்து, கூட மெஷின்ல பவுடர் வழுக்கி ஓட போடுற ஒரு பொருள். அதுக்கு இந்தியால பேட்டன்ட் கேட்டப்ப நோயாளிகள் அமைப்புகளே எதிர்ப்பு மனு போட்டாங்க, கிளாக்ஸோ கம்பெனி அப்ளிகேஷன வாபஸ் வாங்கிருச்சு. பேட்டன்ட் குடுக்குறதுக்கு முன்னாடி யாரு வேணா எதிர்ப்பு போடலாம்ங்க, வக்கீலா இருக்கணும்னு இல்ல.

அதுக்காக எல்லா காம்பினேஷனும் டுபாக்கூர்னு சொல்லிறாதீங்க. இந்தா பாருங்க, ஒண்ண ஒடைக்கிறேன்... கேமரால தெரியுதா, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கலரு, ரெண்டு அடுக்கு. டெல்மிசார்ட்டான் கரையணும்னா காரத்தன்மை உள்ள பொருள் கூட போடணும், அந்தக் காரம் பட்டா அம்லோடிபின் கெட்டுப்போகும், அதான் நடுவுல பிரிச்சு வச்சிருக்காய்ங்க. இந்த மாதிரி ஒரு சிக்கல மொத ஆளா அவுத்திருந்தா பேட்டன்ட் கேக்க நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு அடுக்கு மாத்திரைங்கிறதே பழைய டெக்னிக், அதுக்கும் யாராச்சும் பழைய பேப்பர தூக்கிட்டு வருவாங்க.

சரி, மாத்திரைய ஒடைச்சதுக்கு வீட்டுல திட்டு கன்ஃபார்ம், அதையும் எடுத்துப் போடுறேன்.