கிளாபம் வீடுகளும் லெஸ்டர் தெருக்களும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய ஆயர் ஐயா அவர்களே, உடல்நலம் சரியில்லாதபோதும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விழாக்குழு நண்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் மேல்தட்டில் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களுக்கு, அதாவது பைபிளையும் மனமாற்றத்தையும் முதன்மையாகக் கொண்ட புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு, இருந்த செல்வாக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பணம், பாராளுமன்றம், அடுப்பங்கரை என்று மூன்று இடங்களில் அதைப் பார்க்கலாம்.

அன்றைய லண்டனுக்குத் தெற்கே கிளாபம். வங்கியாளர் ஹென்றி தார்ன்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்லஸ் கிராண்ட், பிரதமர் பிட்டின் நண்பரும் பாராளுமன்ற உறுப்பினருமான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் எல்லாரும் அங்கே கூடிப் பழகியவர்கள். கையில் அதிகாரம் இருந்தது. அதை அடிமை வணிகத்துக்கு எதிராகத் திருப்பினார்கள். அந்த வணிகத்தை ஒழிக்கக் கேட்டு 1791இல் பாராளுமன்ற வாக்கெடுப்பில் 163க்கு 88 என்று தோற்றார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பாள் என் பாட்டி. திரும்பக் கொண்டுவந்தார்கள், திரும்பத் தோற்றார்கள்.

அப்புறம் வந்தது 1807 பிப்ரவரி 23. அந்த இரவைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. அரசின் சட்ட அதிகாரி சாமுவேல் ராமிலி எழுந்து, அரியணையில் இருக்கும் நெப்போலியனையும் அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் படுக்கப்போகும் வில்பர்ஃபோர்ஸையும் அருகருகே வைத்துப் பேசினார். யாருக்கு நிம்மதியான தூக்கம் வரும்? அவையே ஆரவாரம் செய்தது. வில்பர்ஃபோர்ஸ் எழவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். 283 பேர் ஆதரவு, 16 பேர் எதிர்ப்பு! வீட்டில் நண்பர்கள் கூடியபோது, "சரி ஹென்றி, அடுத்து எதை ஒழிக்கலாம்?" என்று வில்பர்ஃபோர்ஸ் கேட்டாராம். "லாட்டரியை" என்றார் தார்ன்டன். இங்கிலாந்தின் அரசு லாட்டரி 1826இல் நின்றும் போனது. அம்மி நகர்ந்தது!

ஆனால் என் மனம் அடுப்பங்கரையில்தான் நிற்கிறது. 1807இல் ஒழிந்தது அடிமை வணிகம்தான்; மேற்கிந்தியத் தோட்டங்களில் அடிமைமுறை தொடர்ந்தது. வாக்குரிமையே இல்லாத பெண்கள், அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரை எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார்கள். லெஸ்டர் நகரில் எலிசபெத் ஹெய்ரிக் வீடு வீடாகப் போய்க் கேட்டார். அடிமைமுறையை உடனே ஒழிக்கவேண்டும் என்று 1824இல் எழுதினார். பெண்கள் இப்படி வீடு வீடாக ஆதரவு திரட்டுவது வில்பர்ஃபோர்ஸுக்கே பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் இதில் தவறினார் என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

நான் ஊர் ஊராகப் பேசி வருவது இதைத்தான். வாங்கும் பொருளை யார் செய்தார்கள், கூலி கொடுத்தார்களா, வேலையை விட்டுப் போக விட்டார்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முதல் முறை பதில் வராது. அடிமேல் அடி! வாசல் மேசையில் உறுதிமொழி ஏடு இருக்கிறது. ஆயர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அம்மா அவர்களிடம் ஏட்டை இங்கேயே கொண்டுவருகிறேன், எழுந்திருக்க வேண்டாம்.