மத்தியின் வயிறு ஏன் வெடிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில் ஒருநாள் கடலூர் முதுநகருக்கு மீன் வாங்கப் போனேன். மணி பத்தைத் தாண்டிவிட்டது. கூடையில் கிடந்த மத்தியில் பாதிக்கு வயிறு வெடித்துக் குடல் எட்டிப் பார்த்தது. "ஏங்க்கா, இது நேத்து மீனா?" என்றேன். "காலையில வந்ததுதான் சார், ஐஸ் பத்தல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

இரையைச் செரிக்க மீனின் குடலில் நொதிகள், அதாவது என்சைம்கள், இருக்கின்றன. மீன் செத்தாலும் அவை ஓய்வதில்லை. குடலையும் வயிற்றுச் சதையையுமே கரைக்க ஆரம்பித்துவிடும். வயிறு முட்டத் தின்ற மத்திக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பொதுவாக, சூடு 10 டிகிரி கூடினால் நொதியின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஐஸின் 0 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வந்தால், கணக்குப்படி எட்டு மடங்கு!

சரி, சூடு ஏற ஏற வேகமும் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. இதை வகுப்பில் எச்சிலை வைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஆனால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். சோற்றுக் கஞ்சியோடு எச்சிலைக் கலந்து 37 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால், மாவுச்சத்து கரைந்து சர்க்கரையாகிவிடும்; மாவுச்சத்தைத் தொட்டால் நீலமாகும் அயோடினை விட்டாலும் நீலம் வராது. ஐஸில் வைத்த குழாயில் நீலம் வரும். கொதிக்கவைத்த எச்சிலைக் கலந்த குழாயிலும் வரும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. ஐஸில் இன்னொரு குழாய் இருக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்துவிட்டு அயோடின் விட்டால் நீலம் வராது. நொதி தூங்கித்தான் கிடந்திருக்கிறது. கொதித்ததை எவ்வளவு ஆறவைத்தாலும் பலனில்லை. நொதி என்பது குறிப்பிட்ட விதமாக மடிந்த புரத இழை. மடிப்பு குலைந்தால் மாவுச்சத்து வந்து பொருந்தும் இடமே போய்விடும்.

"அப்போ குழம்புல கொதிச்சா நொதி செத்துடுமே, அந்த மத்திய வாங்கியிருக்கலாமே?" என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்வி. நொதி சாகும். ஆனால் வெயிலில் கிடந்த மத்தியில் பாக்டீரியாவின் நொதி முன்பே ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருளைச் செய்து வைத்திருக்கலாம். அது கொதித்தாலும் போகாது. தின்றால் முகம் சிவக்கும், உடம்பு தடித்து அரிக்கும், தலை வலிக்கும். அதனால்தான் அன்று கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வணக்கம்.