கிலோமீட்டர் கல்லோடு ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும். அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய, நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20தான்; அவையும் குலுக்கலில் தேர்வாக வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். அந்தத் தாளை வெறும் சம்பிரதாயம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்கிற விதத்தில் கேட்டால் அந்தத் தாள் பேசும்.

2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இவ்வளவு உயிர்கள் போயிருக்க, "சாலைப் பாதுகாப்புக்கு அரசு என்ன செய்கிறது?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், எந்த ஊருக்கும் பொருந்துகிற பதில்தான் வரும்.

எங்கள் ஊரை ஒட்டிய நான்கு வழிச்சாலையில், சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி இருக்கிறது. விடியற்காலையில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், தூரத்து லாரியின் விளக்கை வைத்தே அதன் வேகத்தைக் கணித்துக் கடக்கிறார்கள். கம்பம் உண்டு, விளக்கு எரிவதில்லை. ஒரு கை நடுங்கினால் பால் மட்டுமா கொட்டும்?

உறுப்பினர் இந்த இடத்தைக் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு கேட்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்திருந்தாலோ, பத்துப் பேர் இறந்திருந்தாலோ, அது விபத்துக் கரும்புள்ளி. இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வகுத்த வரையறை. இந்த இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், சீரமைப்பு எந்த மாதம் முடியும்?

"பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தாலும் சோர்ந்துவிடக் கூடாது. அவையில் சொல்லப்படும் அத்தகைய சொல் உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது.

சிகிச்சையும் அப்படித்தான். விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்று 2025-இல் மத்திய அரசு திட்டம் அறிவித்தது. எங்கள் மாவட்டத்தில் எந்தெந்த மருத்துவமனைகள் அதில் சேர்ந்துள்ளன, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படியோர் இடம் இருந்தால், அருகிலுள்ள கல்லின் எண்ணைக் குறித்து உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இன்றே எழுதுங்கள். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கடிதம் அவர் கைக்குப் போய்விட வேண்டும். வணக்கம்.