யார் சட்டையில் எந்தப் பதக்கம்?

நண்பர்களே, வணக்கம். இன்றைக்குச் சோவியத் பதக்கங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1991இல் காணாமல் போன நாட்டுக்கு இப்போது என்ன பதக்கக் கதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு அரசுக்கு எந்த நேரத்தில் யார் தயவு தேவைப்பட்டது என்பதை, அது யார் சட்டையில் என்ன குத்தியது என்று பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம், அதுதான் என் கட்சி.

ரஷ்யாவில் 1917 புரட்சி முடிந்ததும் ஜார் மன்னர் காலத்துப் பட்டம், பதவி, பதக்கம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. உள்நாட்டுப் போர் மும்முரமாக நடக்க, 1918 செப்டம்பரில் செங்கொடி விருது வந்துவிட்டது. அதை முதலில் வாங்கிய வசீலி ப்ளூகர் பிறகு மார்ஷல் ஆனார், 1938இல் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார். நெஞ்சில் இருந்த விருதெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை.

1934இல் ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் வந்தபோது அதை முதலில் வாங்கியவர்கள் யாரையும் சுட்டு வீழ்த்தியவர்கள் அல்ல. செல்யூஸ்கின் என்ற கப்பல் ஆர்க்டிக் கடலில் நொறுங்கி மூழ்க, பனிப்பாளத்தில் கூடாரம் போட்டுத் தவித்த நூறு பேருக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் போய் மீட்ட ஏழு விமானிகள். (இதே பட்டம் 1984இல் நம்ம விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவுக்கும் கிடைத்தது.)

எனக்குப் பிடித்த தேதி 1943 நவம்பர் 8. அன்று ஒரே நாளில் இரண்டு விருதுகளை அறிவித்தார்கள். ஒன்று ‘வெற்றி’, போரின் போக்கையே மாற்றிய பெரிய தளபதிகளுக்கு. பிளாட்டினம், வைரம், அஞ்சு முனையிலும் சிவப்புக் கல். அந்தச் சிவப்பு ஒரே நிறமாக வரவேண்டும் என்று பார்த்தார்கள், இயற்கை மாணிக்கத்தில் அப்படிக் கிடைக்காததால் செயற்கைக் கல்லையே பதித்தார்கள்! இன்னொன்று ‘புகழ்’, சிப்பாய்க்கும் சார்ஜெண்டுக்கும். மூன்று படி, கீழ்ப்படியில் வெள்ளி, மேல்படியில் தங்கம், நடுவில் தாண்டிக் குதிக்க முடியாது. யாருக்குக் கொடுக்கலாம் என்று விதியிலேயே விவரமாக எழுதியிருந்தார்கள்: எரிகிற டாங்கியில் உட்கார்ந்துகொண்டே சண்டையைத் தொடர்ந்தவனுக்கு, எதிரியின் பதுங்குகுழிக்குள் முதல் ஆளாகப் பாய்ந்தவனுக்கு. கர்னலோ ஜெனரலோ ஆசைப்பட்டாலும் இது கிடைக்காது. என்னைக் கேட்டால் வைரம் வைத்ததைவிட இதற்குத்தான் மதிப்பு.

அடுத்த வருடமே அரசுக்கு வேறு கவலை. கோடிக்கணக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், எனவே 1944இல் பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவருக்கு ‘வீரத்தாய்’ பட்டம், அதுவும் பத்தாவது குழந்தைக்கு ஒரு வயது நிரம்பிய பிறகுதான். போர் முடிந்ததும் கணக்குப் புத்தகம் திறந்தது. விருது வாங்கியவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் ரூபிளும் டிராமில் இலவசப் பயணமும் இருந்தன. பதக்கக்காரர்கள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டார்கள் இல்லையா, 1948 ஜனவரியோடு அந்தச் சலுகைகளை வெட்டிவிட்டார்கள். காலை இழந்து ஊர் திரும்பியவனும் டிக்கெட் எடுத்துத்தான் போகவேண்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம், பின்னாளில் நாட்டின் தலைவரான பிரெஷ்னேவ் கூத்து. ‘வீரர்’ பட்டம் நாலு தடவை. போர்க்காலத்தில் அரசியல் அதிகாரியாக இருந்தவர், 1978இல் ‘வெற்றி’ விருதையும் வாங்கிக்கொண்டார். இன்னும் பதக்கம் குத்த இடம் வேண்டுமே, தலைவரின் மார்பை அகலமாக்க ஆபரேஷன் நடக்கிறதாம் என்று மக்கள் ஜோக் அடித்தார்கள். அவர் செத்து ஏழு வருடம் கழித்து, 1989இல், விதிப்படி தகுதி இல்லை என்று சொல்லி, கடைசிச் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அந்த ‘வெற்றி’ விருதை ரத்து செய்தார்.

கடைசி ‘வீரர்’ லியோனிட் சொலோத்கோவ், ஆழ்கடல் முக்குளிப்பு ஆராய்ச்சியில் இருந்த கடற்படைக்காரர். உத்தரவு 1991 டிசம்பர் 24இல் வந்தது. மறுநாள் கோர்பச்சேவ் பதவி விலகினார். ஜனவரியில் ‘வீரர்’ பட்டத்துக்கான நட்சத்திரப் பதக்கத்தைச் சொலோத்கோவ் கையில் கொடுத்தபோது, வழக்கப்படி ‘சோவியத் யூனியனுக்குச் சேவை செய்கிறேன்’ என்று அவர் சொல்லியாகவேண்டும், ஆனால் அப்படி ஒரு நாடே அப்போது இல்லை.