தகட்டைத் திருப்பிப் போடுங்கள்: வகுப்பறையில் எம்போஸிங்

வணக்கம் மக்களே! மதுரைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத் தகட்டு வேலை, அதாவது எம்போஸிங்: மெல்லிய தகட்டை அழுத்தி உருவத்தைப் புடைக்க வைப்பது. மேசையைக் காட்டுகிறேன், பாருங்கள். அலுமினியத் தகடு, பழைய நாளிதழ், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, ஐஸ் குச்சி, காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சி, ஒரு தரை டைல்ஸ். இவ்வளவுதான் சாமான்.

வகுப்பில் இதை ஆரம்பிக்கும்போது நான் முதலில் காட்டுவது கண்மலர். மாரியம்மன் கோயில் வாசலில் விற்பார்களே, கண் வடிவம் மெல்லிய தகட்டில் புடைத்து நிற்குமே, அதுதான். முன்பக்கம் மேடு, திருப்பினால் அதே இடத்தில் பள்ளம். "சார், உள்ளே ஒண்ணுமே இல்லை!" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். அந்த வார்த்தைக்குத்தான் காத்திருப்பேன்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனவர்கள் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் புடைப்புச் சிற்பம்தான். ஆனால் அங்கே சுற்றியுள்ள பாறையைச் செதுக்கி எடுத்ததால் உருவம் நிற்கிறது. தகட்டில் நாம் எதையும் எடுப்பதில்லை. தகடு நீண்டு கொடுக்கிறது, அவ்வளவுதான். நீள நீள மெலியும்; ஓர் அளவுக்கு மேல் போனால் கிழியும்.

அதனால்தான் சமையல் ஃபாயில் இதற்கு ஆகாது. அது 11 முதல் 18 மைக்ரான்தான் இருக்கும், பேனா பட்டாலே ஓட்டை. எம்போஸிங் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். வாங்க முடியவில்லையா? பிரியாணி பார்சல் வரும் அலுமினிய டப்பாவின் அடிப்பாகத்தை வெட்டி, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டால் பழகுவதற்குப் போதும். குளிர்பான கேன் மட்டும் வேண்டாம். விறைப்பு அதிகம், ஓரம் பிளேடுதான். எந்தத் தகடாக இருந்தாலும் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டிவிடுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் பையன்களிடம் என்ன வரையலாம் என்று கேட்கவே வேண்டாம், ஜல்லிக்கட்டு மாடுதான். இந்த வேலைக்கு அது நல்ல படமும்கூட, திமில் இருக்கிறதே!

நாளிதழை மடித்துத் தடிமனாக்கி, அதன் மேல் தகடு, தகட்டின் மேல் படம் வரைந்த தாள். பேனாவால் கோட்டின் மேலேயே போங்கள். தாளை எடுத்துவிட்டுத் தகட்டைத் திருப்புங்கள். இப்போது கோடு மேடாகத் தெரியும். அந்த எல்லைக்குள், திமில் வரும் இடத்தில், பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து சின்னச் சின்ன வட்டமாக வெளியே வாருங்கள். மெதுவாக. கீழே மெத்தென்று இருப்பதால் தகடு இறங்கும். இறங்கும்போதே சுற்றியுள்ள இடம் அப்பளம் மாதிரி நெளியும், பார்த்தீர்களா? இங்கேதான் பிள்ளைகள் இன்னும் பலமாக அழுத்துவார்கள். அழுத்தினால் நெளிவு கூடுமே தவிர, திமில் எழும்பாது.

இப்போது முன்பக்கம் திருப்பி, நாளிதழை எடுத்துவிட்டு டைல்ஸ் மேல் வையுங்கள். ஐஸ் குச்சியின் தட்டை முனையால் திமிலைத் தொடாமல், அதன் காலடியை ஒட்டியே தேய்த்துச் சமப்படுத்துங்கள். சுற்றியுள்ள இடம் படியப் படியத் திமில் எழுந்து நிற்கிறதா? மறுபடி திருப்பி, நாளிதழ், பஞ்சுக் குச்சி. மறுபடி டைல்ஸ். இந்த மாற்றி மாற்றிப் போடுவதுதான் மொத்த வித்தையும். நகை ஆசாரிகள் தகட்டை அரக்கின் மேல் பதித்துத் தட்டுவதும் இதற்காகத்தான்: அடியில் இருப்பது கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும், ஆனால் தாங்கவும் வேண்டும்.

ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் அலுமினியம் இறுகிப்போய் வெடித்துவிடும். கொம்புக்குக் கோடு போதும், உப்ப வைக்க வேண்டாம். பெயரைப் புடைத்து நிற்க வைக்க ஆசைப்பட்டால், பின்பக்கத்திலிருந்து எழுதுவதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி எழுத வேண்டும்.

உப்பிய இடத்தை அப்படியே விட்டால் அடுத்த பிள்ளை விரலால் அமுக்கிப் பார்த்துவிடும். நிச்சயம் பார்க்கும். பின்பக்கப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்புங்கள். மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மீந்ததைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும். ஒரு பீரியடு இதோடு சரியாகிவிடும், மறுநாள் வரை காயட்டும்.

அடுத்த பீரியடில் கறுப்பு ஷூ பாலிஷ். முன்பக்கம் முழுக்கப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, பழைய துணியால் துடைத்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேடு மட்டும் பளபளக்கும். வெள்ளைச் சீருடை போட்டு வரும் நாளாகப் பார்த்து மட்டும் இதை வைக்காதீர்கள், அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவார்கள்!