உப்பு போட்டியா தம்பி?

நேயர்களுக்கு வணக்கம். நம் பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் சுவரொட்டி வாங்கியிருக்கிறீர்களா? ரத்தம் குறைந்தவர்களுக்கு வறுத்துக் கொடுப்பார்களே, ஆட்டு மண்ணீரல், அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வகத்துக்காக அதை வாங்கப் போவது என் பொறுப்பு. செல்கள் நெருக்கமாக இருக்கும் உறுப்பு. செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையான டிஎன்ஏ நிறையக் கிடைக்கும்.

அரைத்து, புரதத்தை நீக்கி, உப்பையும் கழுவி எடுத்தால் மிஞ்சுவது தெளிந்த நீர். கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும், அவ்வளவுதான். அதில் இரண்டு பங்கு குளிர்ந்த எத்தனால், அதாவது சுத்தமான சாராயம், ஊற்றினால் டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரள வேண்டும். அன்று ஊற்றினேன்; ஒன்றும் வரவில்லை. ஐஸில் வைத்துப் பார்த்தேன்; அப்போதும் இல்லை. இரண்டு நாள் உழைப்பு! கூட வேலை பார்த்த தருமபுரி அக்கா எட்டிப் பார்த்தார். "உப்பு போட்டியா தம்பி?" என்றார்.

சோடியம் அசிடேட் என்ற உப்பைச் சேர்த்து, குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினேன். நடுவில் புகைபோல ஒன்று தெரிந்தது. அப்புறம் நூல். கண்ணாடிக் குச்சியை விட்டுச் சுழற்றினால், பஞ்சுமிட்டாய்க்காரர் சுற்றுவாரே, அப்படியே சுற்றிக்கொண்டு வந்தது. இன்றும் அது கண்ணிலேயே நிற்கிறது.

உப்பு எதற்கு? டிஎன்ஏ இழை நெடுக எதிர்மின்சுமை. இழைகள் ஒன்றையொன்று தள்ளும். சோடியத்துக்கு நேர்மின்சுமை. ஆனால் தண்ணீர் நடுவில் புகுந்து இரண்டையும் ஒட்டவிடாது. மின்விசையைத் தணிக்கும் திறனில் தண்ணீருக்கு மதிப்பு சுமார் 80, எத்தனாலுக்கு 25தான். சாராயம் கூடக்கூட சோடியம் இழையோடு ஒட்டும், தள்ளுமுள்ளு அடங்கும், இழைகள் திரளும். சோடியமே இல்லாவிட்டால் அன்றைய என் குழாய்தான்.

சரி, வடிவத்துக்கு வருகிறேன். புத்தகங்களில் பார்க்கும் முறுக்கிய ஏணி, தண்ணீரில் டிஎன்ஏ இருக்கும் கோலம். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்தரைப் படி. உப்பு குறைவாக இருந்து எத்தனால் 70, 80 சதவீதத்தை எட்டினால், திரளும் முன்பே ஏணி குட்டையாகி, பருத்து, சுற்றுக்கு 11 படியாகிவிடும், படிகளும் சாயும். அதில் எழுதியிருக்கும் மரபுச் செய்தியில் ஓர் எழுத்துகூட மாறாது. தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் பழைய உருவம் வந்துவிடும். லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் 1950களின் தொடக்கத்தில் டிஎன்ஏ இழையின் ஈரப்பதத்தைக் கூட்டிக் குறைத்து இதே இரு வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். சாராயம் செய்வதும் அதேதான்: தண்ணீரைப் பறிக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், அந்த அழகான ஏணியைத் தண்ணீரும் சேர்ந்துதான் பிடித்துவைத்திருக்கிறது.

குடிப்பவர்களின் டிஎன்ஏ இப்படிச் சுருங்குமா என்று பலர் கேட்பதுண்டு. சுருங்காது. ரத்தத்தில் ஏறும் சாராயம் அரை சதவீதத்தைக்கூடப் பெரும்பாலும் எட்டாது. ஆனால் உடல் அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவோடு வினைபுரிந்து சேதப்படுத்தும். அந்தக் கெடுதல் நிஜம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இடப்பக்கம் சுருளும் டிஎன்ஏவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். ஜி, சி என்ற எழுத்துகள் மாறி மாறி வரும் இழை, எத்தனாலில் அப்படித் திரும்பும். இடப்பக்கச் சுருளும் சாத்தியம் என்று 1970களிலேயே வாதிட்டவர் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் வி. சசிசேகரன். அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன். வணக்கம்.