சட்டைப்பையில் இருந்த ஒரே நாணயம்

நேயர்களுக்கு என் அன்பின் ஸ்தோத்திரம். மிஷனரியாகப் போக ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக வகுப்பு எடுத்து வருகிறேன். அவர்களுடைய ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். என் மனதுக்கு மிக நெருக்கமான பொருள் இது. இந்த நேரத்தில் சிலர் அடுப்படியில் இருப்பீர்கள், சிலர் பேருந்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். வேலையை நிறுத்த வேண்டாம், காது மட்டும் இங்கே இருந்தால் போதும்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் முதல் நாளிலேயே கேட்பது, "ஐயா, எங்களை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? அங்கே என்ன மொழி?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் நினைப்பில் ஊழியம் என்பது ரயில் ஏறிய பிறகு தொடங்குவது. அதற்கு முந்தின மாதங்களெல்லாம் காத்திருக்கும் அறை மாதிரி. அப்படி நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. சீனாவுக்குப் போன ஹட்சன் டெய்லர் இருபது வயதுப் பையனாக இங்கிலாந்தில் இருந்தபோது நடந்தது. அவர் சீனாவில் செய்ததைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் பேச விரும்புவது கப்பல் ஏறுவதற்கு முந்தின வருடங்களைப் பற்றி.

டெய்லர் பிறந்தது 1832இல், யார்க்‌ஷயரில் உள்ள பார்ன்ஸ்லி என்ற ஊரில். அப்பா மருந்துக்கடைக்காரர், மெதடிஸ்ட் பிரசங்கியார். வீட்டில் ஜெபம் உண்டு, வேதம் உண்டு. ஆனாலும் பையனுக்கு 17 வயதில் விசுவாசமே ஆட்டம் கண்டிருந்தது. 1849 ஜூனில் ஒரு மதியம் பொழுது போகாமல் அப்பாவின் புத்தகங்களைப் புரட்டினார். கையில் ஒரு கைப்பிரதி அகப்பட்டது. கதையை மட்டும் படித்துவிட்டுப் பிரசங்கப் பகுதியை விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது கிறிஸ்துவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருந்தார். அதே மதியம் வெகு தூரத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்த அம்மா, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மகனுக்காக முழங்காலில் இருந்தார். இதைக் கேட்கிற தாய்மார்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த வருடக் கடைசியிலேயே சீனாவுக்குப் போக வேண்டும் என்ற அழைப்பு வந்துவிட்டது. சரி, அடுத்து என்ன செய்தார்? முதலில் இறகு மெத்தையை எடுத்துவிட்டார். சீனாவில் மெத்தை கிடைக்காதே, இப்போதே பழகிக்கொள்வோம் என்று. சீன மொழியில் இருந்த ஒரு லூக்கா சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு, ஆங்கில வசனத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்துகளைக் கற்றார். பிறகு 1851இல் ஹல் என்ற துறைமுக நகரத்தில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

ஹல்லில் அவர் வசதியான இடத்தை விட்டு, ஊரின் ஒதுக்குப்புறமான ஒரு சேரிக்குக் குடிபோனார். இரண்டு வரிசைச் சின்ன வீடுகள், நடுவே கால்வாய். குப்பையெல்லாம் அந்தக் கால்வாயில்தான் விழும். 12 அடிக்கு 12 அடிகூட இல்லாத ஒரே அறை. சாப்பாடு பெரும்பாலும் ஓட்ஸ் கஞ்சி, சோறு. ஆம், சோறுதான், இங்கிலாந்தில்! சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட முடிந்தது. கொடுக்கக் கொடுக்க மனசு நிறைந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு நேரம் போவதே தெரியாது, இங்கேயும் அப்படி ஆகிவிடலாம்.

அவருடைய மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் மறதிக்காரர். "சம்பள நாள் வந்தால் எனக்கு ஞாபகப்படுத்து, தம்பி" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். டெய்லர் யோசித்தார். சீனாவுக்குப் போனால் யாரிடம் போய்க் கேட்பேன்? கர்த்தரிடம் மட்டும்தான் கேட்க முடியும். அப்படியானால் அதை இங்கேயே பழகவேண்டும். ஞாபகப்படுத்துவதில்லை, ஜெபம் மட்டும் செய்வது என்று முடிவெடுத்தார். சம்பள நாள் வந்தது. மருத்துவர் மறந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை இரவு கணக்குப் பார்த்தால் கையில் இருந்தது ஒரே நாணயம். அரை கிரவுன்.

அரை கிரவுன் என்றால் இரண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ். அன்றைய கணக்கில் ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். முக்கியமான விஷயம், அது ஒரே நாணயம். சில்லறை இல்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு பையைத் தொட்டுப் பார்த்தால் ஒரே ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும் இருக்குமே, அந்த மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஞாயிறு. ஏழைகள் தங்கும் விடுதிகளில் சுவிசேஷம் சொல்லிவிட்டு, இரவு பத்து மணிவாக்கில் கடைசிக் கூட்டத்தை முடித்தார். ஒரு ஏழை மனிதர் வந்து, "என் மனைவி சாகக் கிடக்கிறாள், வந்து ஜெபம் செய்யுங்கள்" என்றார். அவர் அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். ஏன் உங்கள் பாதிரியாரைக் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, வர 18 பென்ஸ் கேட்கிறார், வீட்டில் பட்டினி, நான் எங்கே போவேன் என்றார். உடனே டெய்லருக்குப் பையில் இருந்த நாணயம் நினைவுக்கு வந்தது. வீட்டில் ராத்திரிக்கும் காலைக்கும் கஞ்சி இருக்கிறது. மறுநாள் மதியத்துக்கு ஒன்றுமில்லை.

நடந்துகொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டார். இது மட்டும் சில்லறையாக இருந்தால் ஒரு ஷில்லிங் கொடுத்துவிடுவேனே! ஒரே நாணயமாகப் போய்விட்டதே! ஆடுகிற படிகளில் ஏறி மேலே போனார். நான்கைந்து பிள்ளைகள், கன்னம் ஒட்டி நின்றார்கள். கிழிந்த படுக்கையில் தாய். பக்கத்தில் பிறந்து 36 மணி நேரமே ஆன சிசு, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு ஷில்லிங் கொடுப்பேனே, ஆறு பென்ஸ் எனக்குப் போதுமே என்று கணக்கு கொஞ்சம் ஏறியது. ஆனாலும் ஒரே நாணயம்! ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். பரலோகத்தில் உங்களை நேசிக்கிற தகப்பன் இருக்கிறார் என்றார். தொண்டை அடைத்தது. நீ அவரை நம்பாமல், பையில் காசை வைத்துக்கொண்டு, இவர்களுக்கு நம்பச் சொல்கிறாயா, மாய்மாலக்காரனே என்று உள்ளே ஒரு குரல். சரி, ஜெபித்துவிடுவோம், ஜெபம் எளிது என்று முழங்கால் போட்டார். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினார். பிதாவே என்ற வார்த்தை வாயில் வரும்போதே மனச்சாட்சி பிடித்துக்கொண்டது. எப்படியோ முடித்து எழுந்தார்.

அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, "எங்கள் நிலைமையைப் பார்த்தீர்களே ஐயா, உதவ முடிந்தால் கடவுளுக்காக உதவுங்கள்" என்றார். டெய்லர் பைக்குள் மெல்லக் கையை விட்டார். அரை கிரவுனை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்தபோது மனசு நாணயத்தைவிட லேசாக இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டு, ஆண்டவரே, நாளை மதியச் சாப்பாட்டை நீரே பார்த்துக்கொள்ளும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினார். திங்கள் காலை, மிச்சக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் கதவைத் தட்டினார். வீட்டுக்கார அம்மா ஈரக்கையை முன்றானைத் துணியால் மூடி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். உள்ளே கடிதமில்லை. ஒரு ஜோடி கையுறை. பிரித்தபோது பத்து ஷில்லிங் பெறுமான பொற்காசு ஒன்று தரையில் விழுந்தது. யார் அனுப்பியது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தத் தாயும் பிழைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டரை கொடுத்தார், பத்து வந்தது, நான்கு மடங்கு, ஆகவே நீங்களும் கொடுங்கள் என்று இந்தக் கதையைக் காணிக்கை கேட்கப் பயன்படுத்துவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மிகுந்த வருத்தம். பொற்காசு விழுந்த திங்கட்கிழமையை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில் தயக்கமில்லை. ஆனால் அவர்கள் தங்கிப் பார்க்க வேண்டியது ஞாயிறு இரவில். ஒரு இளைஞன் முழங்காலில் இருக்கிறான். வாயில் வருகிற பிதாவே என்ற வார்த்தைக்கும் பையில் இருக்கும் காசுக்கும் பொருத்தமில்லை என்று அவனுக்கே தெரிகிறது. வளர்ச்சி அங்கேதான் நடந்தது. அவ்வளவு சிறிய இடத்தில், யாரும் பார்க்காத இடத்தில்.

அந்தப் பத்து ஷில்லிங் இரண்டு வாரத்தில் கரைந்தது. மருத்துவருக்கு இன்னும் ஞாபகமில்லை. இரண்டாவது சனிக்கிழமை மாலை, அடுப்பில் ஒரு கஷாயம் கொதிப்பதை டெய்லர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, உன் சம்பளம் வரவேண்டுமே?" என்று அவரே கேட்டார். அடுத்த மூச்சிலேயே, "அடடா, பணத்தையெல்லாம் இன்று வங்கிக்கு அனுப்பிவிட்டேனே!" என்றார். டெய்லர் வேறு பக்கம் திரும்பி மனதை அடக்கிக்கொண்டார். அன்று இரவே வீட்டு வாடகை கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு விளக்கைக் குறைத்துவிட்டுப் புறப்படும்போது மருத்துவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். பணக்கார நோயாளி ஒருவர் அந்த வேளையில் வந்து பில்லைக் கட்டிவிட்டுப் போனாராம். சம்பளம் கைக்கு வந்தது.

இந்த வருடங்களிலேயே அவர் மிகவும் நேசித்த ஒரு இசை ஆசிரியை, சீனாவுக்கு வர முடியாது என்று சொல்லிப் பிரிந்துபோனார். லண்டனில் மருத்துவம் படித்தபோது, பிண அறையில் தொற்றிய காய்ச்சலில் சாவின் விளிம்பு வரை போய் வந்தார். 1853 செப்டம்பரில் லிவர்பூலில் கப்பல் ஏறி, 1854 மார்ச்சில் ஷாங்காயில் இறங்கினார். இவையெல்லாம் தனித்தனியே ஒரு உரைக்குப் போதும், விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நம் ஊரோடு சேர்ந்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன்.

டெய்லர் 1865இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனுக்கு ஒரு பெண் விண்ணப்பித்தார். உடல்நலம் போதாது என்று அனுப்பவில்லை. எமி கார்மைக்கேல். ஜப்பானுக்குப் போனார், 1895இல் இந்தியா வந்தார், திருநெல்வேலிச் சீமையில் தோனாவூரில் நின்றுவிட்டார். 1951இல் கண்மூடும் வரை தாய்நாட்டுக்கு விடுமுறையில்கூடப் போகவில்லை. அவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம், ஆலயம் முடிந்து எல்லாரும் நல்ல உடையில் திரும்பும் நேரம். மூட்டை சுமந்து தள்ளாடி வந்த ஒரு கிழவியை எமியும் தம்பிமாரும் கண்டார்கள். மூட்டையை வாங்கி, கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆலயத்து மனிதர்கள் எதிரே வந்தார்கள். எமிக்கு முகமெல்லாம் சிவந்தது, வெட்கம். கந்தல் உடுத்திய அந்தக் கிழவியின் கையை விடவில்லை. காற்றும் சேறுமாக இருந்த தெருவில் ஒரு குடிநீர் ஊற்றைக் கடந்து நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேரம் ஆகிவிட்டது. நேயர்களே, கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி. வணக்கம்.